எல்.சி. என்று என் காதில் போடாதீர்கள்

துணை மின் நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு உடம்புக்கு வேலை குறைவு. பயத்துக்குத்தான் ஓய்வே கிடையாது. போனில் கேட்ட ஒரு வார்த்தையை நம்பி அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்ட காரியத்தைச் செய்கிற எல்லோருக்கும், ஆம்புலன்ஸ்காரரோ மருந்துக்கடைக்காரரோ யாராயிருந்தாலும், நான் சொல்வது புரியும். போனை வைத்த பிறகு, “சரியாத்தான் கேட்டமா?” என்று மனசு திரும்பத் திரும்பக் கேட்குமே, அந்தப் பயம்தான்.

என் பயத்துக்கு இரண்டே எழுத்து: எல்.சி. எங்கள் பாஷையில் அது லைன் கிளியர். கம்பத்தில் ஏறப் போகிற லைன்மேனோ போர்மேனோ எனக்குப் போன் போட்டு எல்.சி. கேட்பார். அந்தப் பகுதிக்குப் போகும் லைனின் பெரிய சுவிட்சான பிரேக்கரை நான் நிறுத்தி, கைப்பிடியில் ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்ற பலகையை மாட்டிவிட்டு எல்.சி. கொடுப்பேன். வேலை முடிந்து எல்லோரும் கீழே இறங்கிய பிறகு, வாங்கினவரே என்னைக் கூப்பிட்டு எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் கரண்ட். நடுவில் நான் எதையாவது தப்பாக விளங்கிக்கொண்டு பிரேக்கரைப் போட்டுவிட்டால், மேலே போனவர் இறங்கமாட்டார். இறக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

மதுரையைச் சுற்றிப் பல நிலையங்களில் வேலை பார்த்துவிட்டேன். எங்கே போனாலும் இந்த இரண்டு எழுத்து எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

எல்சி வந்துருச்சு

ஒரு நிலையத்துக்கு மாற்றலாகிப் போன புதிது. காலையில் போர்மேன் ஒருவர் எல்.சி. வாங்கிக்கொண்டு டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஏறியிருந்தார். கொஞ்ச நேரத்தில் பிரிவு அலுவலகத்திலிருந்து ஒரு போன். பேசியது யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. “மேடம், எல்சி வந்துருச்சு. இனி ஒண்ணும் பிரச்சினை இல்ல, நீங்க பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எல்.சி. திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து எழுந்து போனேன். பலகையில் கை வைத்தும்விட்டேன். கழற்றுகிற நேரத்தில்தான், எல்.சி. வாங்கின போர்மேனின் குரல் இது இல்லையே என்று உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

திருப்பிக் கூப்பிட்டு, என்ன வந்தது என்று கேட்டேன். அவர் சாவகாசமாக, எல்சிதான் லீவு முடிஞ்சு வந்துருச்சு, பக்கத்தில்தான் டீ குடித்துக்கொண்டு இருக்கிறது என்றார். அந்த அலுவலகத்து கிளார்க் பெண்ணின் பெயர் எல்சி மேரி. என் சம்பள விஷயமாக ஒரு சந்தேகம் கேட்டிருந்தேன்; அது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியுமாம், அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார். நம் ஊரில் கூட வேலை பார்க்கிற பிள்ளையைப் பற்றிப் பேசினால் வந்துருச்சு, போயிருச்சு என்றுதான் வாயில் வரும். பாசத்தில் வருகிற பேச்சு அது. அந்தப் பாசம் அன்றைக்கு ஒரு மனிதரைக் கம்பத்தோடு சேர்த்து எரித்திருக்கும்.

எல்சியிடம் மறுநாள் விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையின் முகம் வெளிறிப்போய்விட்டது. “எம் பேரச் சொன்னா ஒரு ஆளு செத்துப்போவாருன்னா, அந்தப் பேரே எனக்கு வேணாங்க்கா, இனிமே மேரின்னே கூப்பிடச் சொல்லிருங்க” என்றது.

வரப்பில் கிடந்த கம்பி

அப்போது நான் மேலூர்ப் பக்கம் ஒரு நிலையத்தில் இருந்தேன். சாயங்காலம் காற்றும் தூறலுமாக இருந்தது. ஒரு போன் வந்தது. “எல்லுச்சீ குடுங்க, எல்லுச்சீ குடுங்க” என்று ஒரு ஆண்குரல் மூச்சிரைக்கச் சொன்னது. குடித்துவிட்டுப் பேசுகிறாரோ என்று நினைத்தேன். யார் பேசுவது என்று கேட்டால் மறுபடியும் எல்லுச்சீ. எங்கள் ஆள் இல்லாத ஒருவருக்கு எல்.சி. கொடுக்கவே கூடாது. ஆனால் அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டபோது போனை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மெதுவாகக் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. அவர் பெயர் மலைச்சாமி, திருவாதவூருக்கு இந்தப் பக்கம் விவசாயம். காற்றில் எங்கள் கம்பி அறுந்து அவர் வயல் வரப்பில் விழுந்திருக்கிறது. அவர் மனைவி வயலுக்குள்ளே, தண்ணீரில் நிற்கிறார். வெளியே வர வேண்டுமென்றால் அந்த வரப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். கம்பி அறுந்தால் பிரேக்கர் தானாக விழுந்து கரண்ட் நின்றுவிடும் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சில சமயம் விழாது. கம்பி தரையில் கிடந்தபடியே உயிரோடு இருக்கும். நான் பேனலைப் பார்த்தேன். ஒரு பிரேக்கரும் விழுந்திருக்கவில்லை.

அந்தப் பக்கத்துக்கு இரண்டு லைன் போகிறது. எது என்று விசாரிக்கிற நேரமில்லை; இரண்டையும் நிறுத்தினேன். நிறுத்திவிட்டேன், ஆனாலும் கம்பியைத் தொடக் கூடாது, அந்தம்மா நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்கட்டும், லைன்மேன் வந்து சொன்ன பிறகுதான் வர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். லைன்மேன் போய்ச் சேருகிற வரைக்கும் அவரைப் போனை வைக்க விடவில்லை. அந்தம்மா வரப்பேறி வந்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு உட்காரத் தோன்றியது. எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்தது, இந்த வார்த்தை எப்படித் தெரியும் என்று கேட்டேன். லைன்மேன் ஒருநாள் இவருடைய போனை வாங்கி எங்களுக்குப் பேசியிருக்கிறார், இவர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். மலைச்சாமி சொன்னார்: “அவரு அந்த எழுத்தச் சொன்னா கம்பி செத்துப்போகும்னு பாத்தேந்தாயி, அர்த்தமெல்லாம் வீட்டுக்காரி வெளிய வந்ததுக்கப்புறம் கேட்டுக்கிறலாம்னு விட்டுட்டேன்.”

முழுசாச் சொன்னால்

எல்சி மேரி விஷயத்துக்குப் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இனி யாரும் எல்.சி. என்று சுருக்கக் கூடாது, லைன் கிளியர் என்று முழுசாகச் சொல்ல வேண்டும் என்று லைன்மேன்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். காளவாசல் பக்கம் பார்க்கிற பாண்டி மட்டும் இதை மதித்து நடந்தான். நல்ல பையன்.

ஒரு நாள் மழையில் அவன் பகுதி லைனில் கரண்ட் தானாக நின்றுவிட்டது. எங்கே கோளாறு என்று பார்க்க பைக்கில் கிளம்பிப் போனான். கொஞ்ச நேரம் கழித்துப் போன். ஒரே இரைச்சல், பஸ் ஹாரன். அதற்கு நடுவில், “மேடம், லைன் கிளியர்” என்றான். லைன் நன்றாக இருக்கிறது, கரண்டைப் போடலாம் என்கிறானா? இல்லை, லைன் கிளியர் வேண்டும், கரண்டைப் போட்டுவிடாதே என்கிறானா? ஒரே வார்த்தை, ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் சாவு. எது என்று கேட்டேன். ஏதோ திருமண பிளெக்ஸ் பேனர் கிழிந்து பறந்து கம்பியில் சுற்றிக்கொண்டிருக்கிறதாம், கம்பத்தில் ஏறி இழுக்கப் போகிறானாம். நான் போனிலேயே கத்திவிட்டேன், முழுசாகச் சொன்னால் மட்டும் போதுமா, வேணும் வேணாம் என்று சொல்ல வேண்டாமா என்று. இறங்கி வந்த பிறகு பாண்டி வருத்தமாகக் கேட்டான்: “சுருக்குனாலும் திட்டுறீங்க, நீட்டுனாலும் திட்டுறீங்க, பேசாம நானே அங்க வந்து பிரேக்கரக் கையால பிடிச்சுக்கிட்டு நிக்கவா மேடம்?”

சுங்குடிக் கடையில்

ஒரு மதியம், ஒரு எல்.சி. பாக்கி நிற்கும்போதே என் ஷிப்ட் முடிந்தது. அடுத்து வந்தவரிடம் விவரம் சொல்லி ஒப்படைத்துவிட்டு, டவுனுக்குள் சேலை எடுக்கப் போனேன். ஒப்படைத்துவிட்டாலும் மனசு அங்கேயேதான் இருக்கும். கடைக்காரர் சௌராஷ்டிராக்காரர். எனக்குச் சேலையை விரித்துப் போட்டபடியே போனில் அவர்கள் பாஷையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. திடீரென்று நடுவில், “எல்.சி. கேன்சல்” என்றார்.

எங்களுக்கு எல்.சி. கேன்சல் என்றால் வேலை முடிந்தது, கரண்டைப் போடலாம் என்று அர்த்தம். இந்தக் கடைக்காரருக்கும் எங்கள் கம்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புத்தி கேட்டது. கால் அதைக் கேட்கவில்லை. பையைப் போட்டது போட்டபடி, செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடி, நிலையத்துக்குப் போன் போட்டேன். எல்.சி. அப்படியேதான் இருக்கிறது, யாரும் எதையும் தொடவில்லை என்று சொன்னார்கள். வெயிலில் கால் சுட்டதே அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி வந்தால், விலையைக் கேட்டுத்தான் நான் ஓடிவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். காரணத்தைச் சொன்னேன். அவர் முகமும் சரியில்லை. வெளிநாட்டுக்குத் துணி அனுப்புகிறவராம். அங்கே வாங்குகிறவர்களின் வங்கி, சரக்கு வந்தால் பணம் நிச்சயம் என்று எழுதிக் கொடுப்பதற்கும் எல்.சி. என்றுதான் பெயராம். சரக்கெல்லாம் தயாரான பிறகு அது ரத்தாகிவிட்டதாம். சேலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “உங்களுக்கு எல்.சி. கேன்சல்னா ஊருக்கே வெளிச்சம் வருதும்மா, எங்களுக்கு அது கேன்சல்னா வீட்டுல இருக்கிற வெளிச்சமும் போயிருது.”

ஓப்பன் ஆயிருச்சு

என் வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல். சின்ன ஓட்டை போட்டு எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பலகையில் அவர் பெயர். அதற்கு நேராக ஆங்கிலத்தில் எல்.சி. என்று எழுதியிருந்தது. நர்ஸிடம் கேட்டேன். இந்த ஓட்டை போடுகிற ஆபரேஷனைத்தான் அப்படிச் சுருக்கி எழுதுவோம், பயப்படாதீங்க என்றார்.

ரொம்ப நேரம் ஆகியும் ஆளைக் காணோம். அப்போது உள்ளேயிருந்து வந்த ஒருவர் இன்னொருவரிடம், “அந்த எல்.சி. ஓப்பன் ஆயிருச்சு” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. எங்கள் வேலையில் ஓப்பன் என்றால் இணைப்பு விட்டுவிட்டது, கரண்ட் இல்லை, தைரியமாகத் தொடலாம். அந்தத் தைரியத்தில் போய் காபி வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டை வழியாக எடுக்க முடியவில்லை, வயிற்றைத் திறந்துதான் செய்துகொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் நேரமாகும் என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

நல்லபடியாக முடிந்தது. மறுநாள் அவருக்கு நன்றாக நினைவு வந்த பிறகு, நான் பட்ட பாட்டைச் சொன்னேன். அவர் பட்ட பாட்டையும் கேட்டேன். அவர் பயப்படவே இல்லையாம். “மயக்கம் குடுக்கும்போது யாரோ எல்.சி.ன்னாங்க, சரி, நம்ம வீட்டுக்காரிதான் டூட்டியில இருக்கான்னு நெனச்சு நிம்மதியாத் தூங்கிட்டேன்” என்றார்.

கேட்டுக்கு அந்தப் பக்கம்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

திருப்பரங்குன்றத்தைத் தாண்டி ரயில் பாதை ஓரமாக எங்கள் கம்பங்களை மாற்றி நடுகிற வேலை. போர்மேன் சோணைமுத்து அண்ணன் என்னிடம் எல்.சி. வாங்கியிருந்தார். நிதானமான மனிதர். காண்டிராக்டரின் ஆட்களைப் பார்த்துக்கொள்ள தினகரன் என்று ஒரு சூப்பர்வைசர். அதுவரை ரயில்வே வேலையிலேயே இருந்து பழகினவர். சித்திரை வெயில். மதியம் ஆனதும் அந்தப் பகுதிக்காரர்கள் கரண்ட் எப்போது வரும் என்று கேட்டு போனைக் கீழே வைக்கவிடவில்லை.

அந்த நேரத்தில் தினகரன் கூப்பிட்டார். எல்.சி. வேலை முடிஞ்சிருச்சு, கிளியர் பண்ணிட்டோம் என்றார். சோணைமுத்து அண்ணன் எங்கே என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். நான் அண்ணனுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அதற்குள் எங்கள் பொறியாளர் இன்னொரு போனில் வந்துவிட்டார். தினகரன் அவருக்கும் சொல்லியிருக்கிறார். எல்.சி. முடிந்துவிட்டதாமே, இன்னும் ஏன் கரண்ட் போடவில்லை, மேலே இருந்து என்னைக் கேட்கிறார்கள் என்றார். வாங்கினவர் இன்னும் திருப்பித் தரவில்லை என்றேன். சூப்பர்வைசரே சொல்லிவிட்டாரே, இன்னும் என்ன என்று அவருக்குக் கோபம். எழுத்து மூலமாக விளக்கம் கேட்கட்டுமா என்றார். கேளுங்கள் சார் என்று சொல்லிவிட்டேன். அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என் வேலைக்குக் கேடு. நான் நினைப்பது சரியாக இருந்துவிட்டால்? அதை நினைக்கவே முடியவில்லை. பேனல் முன்னால், பலகை மாட்டிய கைப்பிடிக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். வேறு யாரும் வந்து தொட்டுவிடக் கூடாதே என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

மறுபடியும் தினகரனைப் பிடித்தேன். சோணைமுத்து அண்ணன் குரலைக் கேட்டால்தான் நம்புவேன், போனை அவரிடம் கொடுங்கள் என்றேன். அதற்கு அவர், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: “எப்படி மேடம் குடுக்கிறது, அவரு கம்பத்து மேலல்லவா நிக்கிறாரு.”

அப்புறம் எந்த எல்.சி. முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்க என்று கேட்டேன். ரயில்வே பாஷையில் எல்.சி. என்றால் லெவல் கிராஸிங், நாம் ரயில்வே கேட் என்போமே அது. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப வேலை முடிந்துவிட்டது, ரயிலுக்கு இனி இடைஞ்சல் இல்லை, அடுத்த கம்பத்துக்குப் போய்விட்டோம் என்பதைத்தான் எல்.சி. முடிஞ்சிருச்சு என்று சொல்லியிருக்கிறார். அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் அப்போது மேலே இருந்திருக்கிறார்கள். அண்ணனின் போன் கீழே பைக் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பொறியாளரிடம் இதைச் சொன்னேன். மெதுவாக, “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். எழுத்து மூலமாக எதுவும் வரவில்லை.

சாயங்காலம் சோணைமுத்து அண்ணனே கூப்பிட்டார். வேலை முடிந்தது, எல்.சி.யைத் திருப்பித் தருகிறேன் என்றார். எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று கேட்டேன். இறங்கியாச்சு என்றார். பாதுகாப்புக்காகக் கம்பியில் போட்ட எர்த் எல்லாம் எடுத்தாச்சா என்றேன். எடுத்தாச்சு என்றார். நீங்களும் இறங்கிட்டீங்களா அண்ணே என்று மறுபடியும் கேட்டேன். மதியம் நடந்தது எதுவும் அவருக்கு அதுவரை தெரியாது.

“எறங்கித்தானம்மா பேசுறேன், எறங்காமப் பேசுறதுக்கு நான் என்ன ஆவியா?” என்றார்.

ஆங்கிலத்தில் இன்னும் இருபத்துநாலு எழுத்து சும்மா கிடக்க, ஊரில் எல்லோரும் இந்த இரண்டை வைத்தே காலத்தை ஓட்டுவதால், அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே பயந்துகொண்டிருக்கிறேன்.